அதிகாரத்தை விட்டவர்களின் புகழ்: அமெரிக்கர் மனதில் குவேக்கர்கள்

1969-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் படிக்கட்டுகளில் ஒரு சிறு கூட்டம் வந்து நின்று பெயர்களை வாசிக்கத் தொடங்கியது. எல்லாம் வியட்நாமில் உயிரிழந்த அமெரிக்கப் படைவீரர்களின் பெயர்கள். காவலர்கள் வந்து கைது செய்தார்கள். சில நாட்களில் மறுபடி வந்து வாசித்தார்கள், மறுபடி கைதானார்கள். கடைசியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரே இறங்கிவந்து அவர்களோடு நின்று வாசித்தார்கள். இதைத் தொடங்கியவர்கள் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர். அதே நேரத்தில், அதே ஊரில், வெள்ளை மாளிகையில் அமர்ந்து அந்தப் போரை நடத்திக்கொண்டிருந்த ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸனும் பிறப்பால் குவேக்கர்தான்.

இந்த இருவரில் யார் ‘உண்மையான’ குவேக்கர் என்று கேட்டால், சராசரி அமெரிக்கர் யோசிக்காமல் படிக்கட்டில் நின்றவரைத்தான் காட்டுவார். அவர் மனதில் குவேக்கர் என்றாலே ஒரு சித்திரம் இருக்கிறது: சாந்தமானவர், பொய் சொல்லாதவர், ஆயுதம் தொடாதவர், அகலத் தொப்பியும் சாம்பல் நிற உடையும் அணிந்தவர். இத்தனைக்கும் இன்று அமெரிக்காவில் குவேக்கர்கள் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. பெரும்பாலான அமெரிக்கர்கள் வாழ்நாளில் ஒரு குவேக்கரையும் சந்தித்திருக்க மாட்டார்கள். குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் மக்களோடு அவர்களைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஆளையே பார்க்காத நாட்டில் அவர்களைப் பற்றிய சித்திரம் மட்டும் எப்படி இவ்வளவு ஆழமாகப் பதிந்தது? என் பதில் இது: குவேக்கர்கள் ஆட்சியில் இருந்தவரை அவர்களை யாரும் புனிதர்களாகப் பார்க்கவில்லை. அதிகாரத்தை விட்டு விலகிய பிறகுதான் அந்தப் புகழ் பிறந்தது. அதிகாரத்தின் பக்கம் திரும்பியபோதெல்லாம் அது ஆட்டங்கண்டது.

தொடக்கம் இங்கிலாந்தில். 1640-களின் உள்நாட்டுப் போர் அரசனையும் திருச்சபையையும் ஒருசேர அசைத்துப்போட்ட காலம். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இளைஞர் ஊர் ஊராக நடந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்: ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்க இடையில் ஒரு குருக்கள் தேவையில்லை. 1650-இல் டார்பி நகரில் அவரை விசாரித்த நீதிபதிக்கு, ‘கர்த்தருடைய வார்த்தைக்கு முன் நடுங்குங்கள்’ என்று ஃபாக்ஸ் சொல்லப்போக, அந்த நீதிபதி கேலியாக வைத்த பெயர்தான் ‘நடுங்கிகள்’ என்ற பொருள்படும் குவேக்கர். தங்களை அவர்கள் அழைத்துக்கொண்டது நண்பர்கள் என்று. சங்கத்தின் அதிகாரபூர்வப் பெயர் இன்றும் நண்பர்கள் சமயச் சங்கம்தான்.

அந்த ஒரு நம்பிக்கையிலிருந்து மற்றதெல்லாம் வந்தது. எல்லோருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்றால் பிரபுவுக்கு முன் ஏன் தொப்பியைக் கழற்ற வேண்டும்? பெண் ஏன் பேசக் கூடாது? எதிரியை எப்படிக் கொல்வது? எப்போதும் உண்மை பேசுபவர் நீதிமன்றத்தில் மட்டும் எதற்குத் தனியாகச் சத்தியம் செய்ய வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியின் தழும்பு அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பதவியேற்பவர் சத்தியப் பிரமாணம் செய்யலாம், அல்லது உறுதிமொழி மட்டும் எடுக்கலாம் என்று அதில் இரண்டு வழி இருப்பதற்கு, சத்தியம் செய்ய மறுத்த இவர்களைப் போன்றவர்களே காரணம்.

அமெரிக்க மண்ணில் முதலில் கிடைத்த வரவேற்பு சிறை. 1656-இல் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின் என்ற இரண்டு பெண்கள் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். புத்தகங்களைப் பறித்து எரித்தார்கள். சூனியக்காரிகளா என்று பார்க்க உடைகளைக் களைந்து உடம்பைச் சோதித்தார்கள். பிறகு கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த பியூரிட்டன்களே அங்கே ஆட்சியாளர்கள். குவேக்கர்கள் திரும்பத் திரும்ப வரவே, நாடு கடத்தியும் திரும்பி வருபவருக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள்.

மேரி டயர் திரும்பி வந்தார். 1659 அக்டோபர் 27 அன்று இரண்டு ஆண்களோடு அவரையும் தூக்குமரத்துக்கு நடத்திச் சென்றார்கள். அந்த இருவரையும் அவர் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். கயிற்றின் முன் நின்ற அவருக்கு மட்டும் கடைசி நொடியில் மன்னிப்பு வந்தது. ஊரை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வசந்தத்தில் அவர் மறுபடியும் பாஸ்டனுக்கு வந்தார். அந்தச் சட்டம் தவறு, அதை நீக்குங்கள் என்று சொல்ல வந்தார். 1660 ஜூன் 1 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். நான்காவதாக வில்லியம் லெட்ரா 1661-இல் தூக்கிலேறினார். பிறகுதான் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் தலையிட்டு இதை நிறுத்தினார். அவருடைய ஆணையைக் கொண்டுவந்து ஆளுநரிடம் கொடுத்தவர், நாடு கடத்தப்பட்டிருந்த ஒரு குவேக்கர்.

இன்று பாஸ்டனில் மாநில அரசு மாளிகையின் முன் மேரி டயர் வெண்கலச் சிலையாக அமர்ந்திருக்கிறார். கைகள் மடியில், தலை சற்றுக் குனிந்து, மௌன வழிபாட்டில் இருப்பவரைப் போல. 1959-இல் அதை நிறுவினார்கள். வடித்தவர் சில்வியா ஷா ஜட்ஸன், அவரும் குவேக்கர். அழகான சிலைதான். ஆனால் பாஸ்டன் ஆட்சியாளர்கள் தூக்கிலிட்டது இந்த அமைதியான பெண்ணை இல்லை. வாயை மூட மறுத்து, விட்டுப் போகச் சொன்ன ஊருக்கே திரும்பி வந்து, அதிகாரிகளின் முகத்துக்கு நேரே அவர்கள் சட்டத்தைக் குற்றம் சொன்ன பெண்ணை. நினைவில் நிறுத்தும்போது குவேக்கரை உட்காரவைத்துவிடுவது அமெரிக்கப் பொதுமனதுக்குப் பழக்கமாகிவிட்டது.

சாந்தமான குவேக்கர் என்ற சித்திரத்தின் மூலவர் வில்லியம் பென். தன் தந்தைக்கு அரசர் பட்டிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக 1681-இல் அவருக்குக் கிடைத்த நிலப்பரப்புதான் பென்சில்வேனியா. அடுத்த ஆண்டு வந்து இறங்கியவர், அங்கே காலங்காலமாக வாழ்ந்த லெனாபே மக்களோடு ஒரு எல்ம் மரத்தடியில் நட்புறவு உடன்படிக்கை செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதன் ஆவணம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் பென் நிலத்துக்கு விலை கொடுத்தார், படை வைத்துக்கொள்ளவில்லை, பல பத்தாண்டுகள் அங்கே போர் நடக்கவில்லை. இவை வரலாறு. சத்தியம் செய்யாமலே போட்ட, ஒருபோதும் மீறாத ஒரே ஒப்பந்தம் என்று பிரான்சிலிருந்து வால்டேர் புகழ்ந்து எழுதினார். பெஞ்சமின் வெஸ்ட் அந்தக் காட்சியை 1770-களின் தொடக்கத்தில் ஓவியமாகத் தீட்ட, அதன் அச்சுப்படிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. எட்வர்ட் ஹிக்ஸ் என்ற குவேக்கர் ஓவியர் சிங்கமும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகப் படுத்திருக்கும் ஒரே காட்சியை அறுபதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தவர். அவற்றில் பலவற்றின் ஓரத்தில் இதே மரத்தடி உடன்படிக்கையைச் சேர்த்தார்.

ஐரோப்பாவில் இந்தப் புகழ் எந்த அளவுக்குப் போனது என்றால், 1776-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எளிய உடையும் மென்மயிர்த் தோல் குல்லாயுமாகப் பாரிஸில் போய் இறங்கியபோது பலரும் அவரைக் குவேக்கர் என்றே நினைத்தார்கள். ஃபிராங்க்ளின் குவேக்கர் இல்லை. தன் ஊரின் குவேக்கர் அரசியல்வாதிகளோடு ஆண்டுக்கணக்கில் இழுபறி நடத்தியவர். இருந்தும் அந்த நினைப்பைக் கலைக்க அவர் அவசரப்படவில்லை. பிரிட்டனிடமிருந்து விடுபட அமெரிக்கா நடத்திய புரட்சிப் போருக்குப் பிரெஞ்சு உதவி கேட்டுப் போனவருக்கு, நேர்மையான குவேக்கர் என்ற தோற்றம் நல்ல துணை.

அந்த இழுபறி வெளிநாட்டு ரசிகர்களுக்குத் தெரியாத இன்னொரு குவேக்கரைக் காட்டுகிறது. பென்சில்வேனியச் சட்டமன்றம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் குவேக்கர்களின் கையில் இருந்தது. வரி, நிலம், தேர்தல், கோஷ்டி என்று எல்லா அரசியலும் செய்தார்கள். எல்லைப்புறத்தில் குடியேறியவர்கள், எங்களைக் காக்கப் படை அனுப்ப மறுக்கிறார்கள் என்று அவர்களைத் திட்டினார்கள். பென்னின் பிள்ளைகள் காலத்தில், 1737-இல், லெனாபே மக்களிடம் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடந்து கடக்கும் தூரம்வரை நிலம் எங்களுடையது என்றார்கள். பிறகு வேகமான ஓட்டக்காரர்களைக் கூலிக்குப் பிடித்து, முன்கூட்டியே வெட்டிச் சீராக்கிய பாதையில் விட்டு, மாபெரும் நிலப்பரப்பை அபகரித்தார்கள். தந்தை சம்பாதித்த நம்பிக்கையைப் பிள்ளைகள் செலவழித்தார்கள்.

1756-இல் திருப்பம் வந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு போர் மூண்டிருந்தது. நிலத்தை இழந்த லெனாபே மக்களும் தாக்கினார்கள். ஆளுநர் அவர்கள்மீது போர் அறிவித்து, அவர்களின் தலைத்தோலுக்கு விலையும் வைத்தார். இதற்குப் பணம் ஒதுக்கும் சபையில் இனி எப்படி உட்காருவது? ஆறு குவேக்கர் உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். வேறு சிலர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. சட்டமன்றத்தில் குவேக்கர்களின் பெரும்பான்மை அதோடு முடிந்தது.

தாங்களே நிறுவிய ஆட்சியை மனசாட்சிக்காகக் கையிலிருந்து விட்டவர்கள் உலக வரலாற்றில் அதிகம் பேர் இல்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த முடிவுதான். அதன் பலன் உடனே தெரியவில்லை. புரட்சிப் போரில் எந்தப் பக்கமும் சேராததால் துரோகிகள் என்று பெயர் வாங்கினார்கள். 1777-இல் பிலடெல்ஃபியாவின் முன்னணிக் குவேக்கர்கள் உட்பட ஏறக்குறைய இருபது பேரை விசாரணையே இல்லாமல் வர்ஜீனியாவுக்கு நாடு கடத்தினார்கள். இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள். சுடாத பீரங்கிக்கு அமெரிக்கப் படையினர் வைத்த பெயர் ‘குவேக்கர் பீரங்கி’. மரத்துண்டுக்குக் கறுப்புச் சாயம் பூசித் தூரத்திலிருந்து எதிரியை ஏமாற்றும் போலி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862-இல் வர்ஜீனியாவில் சென்டர்வில் அரண்களில் இப்படி மரக்கட்டைகளை நிறுத்தித்தான் தென் மாநிலப் படையினர் வடக்குப் படையை வெகுநாள் தயங்கவைத்தார்கள்.

ஆட்சியிலிருந்து விலகியவர்களின் கவனம் உள்பக்கம் திரும்பியது. அங்கே காத்திருந்தது அடிமைமுறை. இந்த இடத்தில் அமெரிக்கர்களின் நினைவு மிகவும் தாராளமானது. குவேக்கர்கள் என்றாலே தப்பியோடும் அடிமைகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள்தாம் நினைவுக்கு வரும். 1852-இல் வெளிவந்து நாட்டையே உலுக்கிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலின் ஹாலிடே குடும்பம் அந்தச் சித்திரத்தை நிரந்தரமாக்கியது. ஆனால் வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தவர். பிலடெல்ஃபியாவின் வசதியான குவேக்கர்களில் பலரும் அப்படித்தான். அதற்கு எதிராக முதலில் எழுந்த குரல்களையும் அவர்கள் விரும்பிக் கேட்கவில்லை.

பெஞ்சமின் லே நான்கு அடிக்குச் சற்றே உயரமான, கூன் விழுந்த மனிதர். பார்படோஸ் தீவில் அடிமைகள் பட்ட பாட்டை நேரில் கண்டவர். அடிமை உழைப்பில் விளைந்த எதையும் தொட மாட்டேன் என்று, தன் உடைக்குத் தானே நூல் நூற்றுக்கொண்டார். 1738-இல் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் நடந்தபோது, பெரிய அங்கி ஒன்றைப் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்தார். உள்ளே படைவீரனின் உடுப்பும் இடுப்பில் வாளும் இருந்தன. கையில் ஒரு தடித்த புத்தகம். பக்கங்களைக் குடைந்து, ஒரு காட்டுப்பழத்தின் சிவந்த சாற்றை ஒரு பையில் அடைத்து அதற்குள் வைத்திருந்தார். எழுந்து அங்கியை உதறினார். சக மனிதனை அடிமையாக்குபவரின் இரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று சொல்லி, வாளைப் புத்தகத்தில் செருகினார். சிவப்புச் சாறு பீறிட்டு, அருகிலிருந்த அடிமை உடைமையாளர்கள்மீது தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவர் சார்ந்த அபிங்டன் சபை அவரை ஒதுக்கிவைத்தது.

அவரைவிட மென்மையாகப் பேசிய ஜான் உல்மன் அடிமை உடைமையாளர்களின் வீடுகளுக்கே நடந்து போய், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்றாடினார். அடிமை வணிகம் செய்பவர்கள்மீது நடவடிக்கை என்று 1758-இல் ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது. முதியவரான லே அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அடுத்த ஆண்டு இறந்தார். 1776-இல், அடிமை வைத்திருப்பவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்றே விதி வந்தது. அமெரிக்காவில் எந்தப் பெரிய அமைப்பும் அப்போது அந்த இடத்துக்கு வரவில்லை. பெருமைப்படத்தக்க சாதனைதான், ஆனால் அதற்குப் பல தலைமுறை பிடித்தது. அதன் பிறகும் பல கூட்ட அரங்குகளில் கறுப்பினத்தவருக்குத் தனி பெஞ்சு இருந்தது. பிலடெல்ஃபியாவில் தாயோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்த சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற ஆசிரியை அந்த வேதனையை எழுதி வைத்துவிட்டுப் போனார். அபிங்டன் சபை லேயைத் தன் நண்பராக மறுபடி அங்கீகரித்தது 2018-இல்.

பெண்ணுரிமை வரலாறு இந்த அளவுக்குச் சிக்கலானது இல்லை. 1848-இல் செனகா ஃபால்ஸில் பெண்களின் உரிமைக்காக முதல் மாநாடு கூட்டிய ஐவரில், எலிசபெத் கேடி ஸ்டான்டனைத் தவிர மற்ற நால்வரும் குவேக்கர் குடும்பத்துப் பெண்கள். கூட்டத்தில் எழுந்து பேசிப் பழகியவர்களுக்கு மேடை புதிதல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குவேக்கர்கள் தங்கள் பழைய உடையை மெல்லக் கைவிட்டார்கள். அதே காலத்தில் வணிகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1877-இல் ஒஹையோ மாநிலத்தின் ரவென்னா ஊரில் ஒரு ஓட்ஸ் ஆலை, கையில் ‘தூய்மை’ என்று எழுதிய சுருளைப் பிடித்திருக்கும் ஒரு குவேக்கர் உருவத்தைத் தன் வணிக முத்திரையாகப் பதிவுசெய்தது. காலை உணவுத் தானியத்துக்கு அமெரிக்காவில் பதிவான முதல் முத்திரை அது. ஆலைக்கும் குவேக்கர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நம்மூர் மளிகைக் கடைகளிலும் இன்று அந்த முகம் இருக்கிறது. கம்பெனி 2001 முதல் பெப்சிகோவின் கையில்.

அந்த முத்திரை எடுபட்டதற்குக் காரணம் உண்மையான ஒரு நடைமுறை. பேரம் பேசுவதும் ஒருவகைப் பொய் என்று கருதிய குவேக்கர் கடைக்காரர்கள் ஒரே விலை சொல்லி விற்றார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலை, அதே எடை. அந்த நம்பிக்கையைச் சேர்க்க அவர்களுக்கு இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஓட்ஸ் மட்டுமா, விஸ்கிக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் குவேக்கர் பெயர் வந்துவிட்டது. மதுவைக் கண்டித்த ஒரு சமூகத்தின் பெயரில் விஸ்கி! ஓட்ஸ் கம்பெனியின் விளம்பரம் ஒன்று எல்லையை மீறியபோது குவேக்கர்கள் வாய் திறந்தார்கள். 1990 வாக்கில், எதிரிகளைக் குத்தி வீழ்த்தும் கார்ட்டூன் வீரன் பாப்பாயை ‘குவேக்கர் மனிதன்’ என்று அந்த விளம்பரம் அழைத்தது. சண்டையால் எதையும் தீர்ப்பதில்லை என்று சொல்லும் எங்கள் பெயரிலா இது என்று கடிதங்கள் குவிந்தன. கம்பெனி அந்த வரியைக் கைவிட்டது. விளையாட்டுத் திடலிலும் இதே முரண்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழக அணிகளுக்குப் பெயர் குவேக்கர்கள். ஒஹையோவின் வில்மிங்டன் கல்லூரி அணிக்கோ ‘சண்டையிடும் குவேக்கர்கள்’ என்றே பெயர்.

ஹாலிவுட்டுக்கு அந்த முரண்தான் வேண்டியிருந்தது. 1952-இல் வந்த ‘ஹை நூன்’ படத்தில் கிரேஸ் கெல்லி ஏற்ற புதுமணப்பெண் பாத்திரம் குவேக்கர். தந்தையும் சகோதரனும் துப்பாக்கிக்குப் பலியானதைக் கண்டு வன்முறையையே வெறுத்தவள். படம் முடிவதற்குள் கணவனைக் காப்பாற்ற அவளே துப்பாக்கியை எடுத்து ஒருவனைச் சுடுகிறாள். அரங்கம் கைதட்டும் இடம் அது. அகிம்சை நல்லதுதான், ஆனால் ஆபத்து வந்தால் எந்த நல்லவரும் சுடத்தானே வேண்டும் என்பது அங்கே பாடமாகிவிடுகிறது. குவேக்கர் பாத்திரத்தை வைத்து எழுதிய கதைகளில் இந்தத் திருப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. பார்வையாளர் தன் மனசாட்சியோடு சமாதானம் செய்துகொள்ள அந்தப் பாத்திரம் பயன்படுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1956-இல் வந்த ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’ இதில் கொஞ்சம் வேறுபட்டது. மூலக்கதையை எழுதிய ஜெஸமின் வெஸ்ட் இந்தியானாவின் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர், நிக்ஸனுக்கு உறவினர். ‘ஹை நூன்’ நாயகன் கேரி கூப்பர் இதில் உள்நாட்டுப் போர்க்கால குவேக்கர் விவசாயியாக வருகிறார். என் படத்தில் ஒரு கட்டத்தில் நான் ஏதாவது செய்வேன் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பார்களே என்று அவர் கேட்டாராம். பலசாலி ஒருவர் தன்னை அடக்கிக்கொள்வதை இந்த முறை பார்க்கட்டும் என்று பதில் சொன்னாராம் வெஸ்ட். படத்தில் அந்த விவசாயி தன் நண்பனைச் சுட்டவனைப் பிடித்தும் விட்டுவிடுகிறார். மகன் மட்டும் போருக்குப் போகிறான். கான் விழாவில் உயரிய விருது வென்ற இந்தப் படத்தில் திரைக்கதை ஆசிரியர் மைக்கேல் வில்சனின் பெயரே இல்லை. கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சிக்கியவர் அவர். மனசாட்சியைக் கொண்டாடிய படம், மனசாட்சிக்காக வாய் திறக்க மறுத்தவரின் பெயரை மறைத்தது. 1988-இல் மாஸ்கோவுக்குப் போன ரீகன், அமைதியின் அடையாளமாகக் கோர்பசேவுக்குப் பரிசளித்தது இதே படத்தைத்தான்.

திரைக்கு வெளியே குவேக்கர்களின் பெயரை உலகெங்கும் நிலைநிறுத்தியது சோறு போட்ட வேலை. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-இல், துப்பாக்கி தூக்க மறுத்த இளைஞர்களுக்கு மாற்றுப் பணி தேடி அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழுவைத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும், தோற்ற ஜெர்மனியில் பட்டினி கிடந்த குழந்தைகளுக்கு உணவளிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தவர், அமெரிக்க நிவாரணப் பணியின் தலைவராக இருந்து பின்னாளில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர். உச்சத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் குழந்தைகள் சாப்பிட்டார்கள். அந்த நினைவு பின்னால் ஓர் ஆபத்தான வேளையில் கைகொடுத்தது. 1938 டிசம்பரில், யூதர்கள்மீது நாஜிகள் கட்டவிழ்த்துவிட்ட வன்முறைக்குச் சில வாரங்கள் கழித்து, ரூஃபஸ் ஜோன்ஸ் தலைமையில் மூன்று அமெரிக்கக் குவேக்கர்கள் பெர்லினில் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாபோவின் அலுவலகத்துக்குள்ளேயே போனார்கள். யூதர்களுக்கு உதவ அனுமதி கேட்டார்கள். உங்கள் குழந்தைகளுக்கு அன்று உணவளித்தோம் என்பதுதான் அவர்கள் கையிலிருந்த ஒரே சிபாரிசு. அதிகாரிகள் ஆலோசிக்க உள்ளே போன நேரத்தில் மூவரும் தலைகுனிந்து மௌனமாக அமர்ந்திருந்தார்கள்.

1947-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் குவேக்கர் சேவை அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கப் போக வேண்டிய ஹார்வர்ட் பேராசிரியர் ஹென்றி கேட்பரியிடம் விழாவுக்குரிய வால் கோட்டு இல்லை. புடாபெஸ்ட் இசைக்குழுவுக்கு அனுப்பச் சேவைக் குழுவின் கிடங்கில் சேர்த்துவைத்திருந்த பழைய கோட்டுகளில் தன் அளவுக்கு ஒன்றை இரவல் எடுத்துப் போட்டுக்கொண்டு ஆஸ்லோவுக்குப் போனார்.

மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் காந்தியின் நாட்டைப் பார்க்க வந்து, கன்னியாகுமரிவரை பயணித்தாரே, அந்தப் பயணத்தைக் காந்தி நினைவு நிதியோடு சேர்ந்து ஏற்பாடு செய்ததும் இதே சேவைக் குழுதான். 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தைச் சிறு நூலாக அச்சிட்டதும் அவர்களே. கிங்குக்கு அகிம்சைப் போராட்டத்தின் நுணுக்கங்களைச் சொல்லித்தந்து, வாஷிங்டன் பேரணியை முன்னின்று நடத்திய பேயார்ட் ரஸ்டினும் குவேக்கர். ஆயுதம் தாங்க மறுத்துச் சிறை சென்றவர். அதிகாரத்திடம் உண்மையைச் சொல்வது பற்றி 1955-இல் சேவைக் குழு வெளியிட்ட புகழ்பெற்ற சிறுநூலை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அது அவர் பெயர் இல்லாமலே வந்தது, காரணம் அவர் தன்பாலீர்ப்பாளர். உண்மையைப் பேசச் சொல்லும் நூலில் அந்த உண்மைக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் பெயரை அவர்கள் சேர்த்தது பல பத்தாண்டுகள் கழித்து.

இதே வரிசையில் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்களைப் பொதுமனம் மறந்துவிட்டது. கைதியைத் தனியறையில் மௌனமாக வைத்தால் அவன் மனம் திருந்தும் என்ற நம்பிக்கையோடு பிலடெல்ஃபியாவில் 1829-இல் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலைக்குப் பின்னால் குவேக்கர்களின் சிந்தனை இருந்தது. 1842-இல் அதைப் பார்த்த ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிடக் கொடியது இது என்று எழுதினார். அடுத்தது, 1869-இல் ஜனாதிபதி கிராண்ட் பூர்வகுடி மக்களைக் கண்காணிக்கும் பொறுப்பைக் குவேக்கர்களிடம் கொடுத்தது. பென்னின் பெயரே அவர்களுக்குத் தகுதிச் சான்றாக அமைந்தது. அவர்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் குழந்தைகளின் மொழியையும் முடியையும் பெயரையும் பறித்தார்கள். அண்மை ஆண்டுகளில் பல சபைகள் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கின்றன. இரண்டுமே நல்லெண்ணத்தோடு தொடங்கியவை. கையில் அதிகாரம் இருந்ததுதான் வித்தியாசம்.

நிக்ஸனுக்கு வருவோம். அவரைப் போலிக் குவேக்கர் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அவர் வளர்ந்த குவேக்கர் மரபு பிலடெல்ஃபியாவின் மௌனக் கூட்டம் இல்லை. 1827-இல் தொடங்கிய பிளவுகளுக்குப் பிறகு, மேற்கே குடியேறிய குவேக்கர்களில் பெரும்பகுதியினர் மற்ற சுவிசேஷக் கிறிஸ்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள். போதகர் உண்டு, பிரசங்கம் உண்டு, பாட்டும் பியானோவும் உண்டு. நிக்ஸனே கலிஃபோர்னியாவின் விட்டியரில் ஞாயிறு பள்ளிக்குப் பியானோ வாசித்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தபோது அந்தச் சூழலில் அது பெரிய அதிர்ச்சியும் இல்லை, அவரைப் போலப் பல குவேக்கர் இளைஞர்கள் போனார்கள். 1965-இல் பென்டகன் வாசலில் போரை எதிர்த்துத் தீக்குளித்த நார்மன் மாரிஸன் ஒரு குவேக்கர். 1971-இல், அம்மாவின் குவேக்கர் மரபால் நான் ஆழ்ந்த அமைதிவாதி என்று பேட்டி கொடுத்த நிக்ஸனும் ஒரு குவேக்கர். அவரை நீக்குங்கள் என்று கிழக்கிலிருந்து சபைகள் கேட்டன. அவருடைய கிழக்கு விட்டியர் சபை மறுத்துவிட்டது. பதவிக்காலத்தில் அவர் வாஷிங்டன் குவேக்கர் கூட்டத்துக்குப் போவதைத் தவிர்த்து, வெள்ளை மாளிகைக்குள்ளேயே ஞாயிறு வழிபாடு நடத்திக்கொண்டார்.

உலகக் கணக்கைப் பார்த்தால் மௌனமாக அமர்பவர்கள்தான் சிறுபான்மை. மொத்தக் குவேக்கர்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். 1902-இல் அமெரிக்க மிஷனரிகள் போய் இறங்கிய கென்யாவில்தான் அவர்களின் எண்ணிக்கை மிக அதிகம். அங்கே வழிபாடு என்றால் உரத்த பாட்டும் பிரசங்கமும்தான்.

இருந்தாலும் அந்தச் சிறுபான்மையின் குரலுக்கு அமெரிக்காவில் இன்னும் தனி மதிப்பு இருக்கிறது. 2025 ஜனவரியில் பதவியேற்ற டிரம்ப் அரசு, வழிபாட்டுத் தலங்களில் குடிவரவுத் துறை நுழைந்து கைது செய்வதற்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. ஒரே வாரத்தில், ஜனவரி 27 அன்று, பிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் என்ற வட்டார அமைப்பும் வேறு சில குவேக்கர் சபைகளும் வழக்குத் தொடுத்தன. சேர்ந்து அமர்ந்து மௌனத்தில் காத்திருப்பதே எங்கள் வழிபாடு, ஆயுதம் தாங்கிய அதிகாரி வாசலில் நின்றால் அது நடக்காது, வர வேண்டியவர்கள் வராமல் போனால் அவர்கள் வழியாக வர வேண்டிய வார்த்தையும் வராது என்பது அவர்கள் வாதம். ஒரு பாப்டிஸ்ட் கூட்டமைப்பும் சாக்ரமெண்டோவின் சீக்கியக் கோயிலும் அவர்களோடு சேர்ந்துகொண்டன. பிப்ரவரி 24 அன்று மேரிலாந்து நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பாதுகாப்பு நாடு முழுவதற்கும் கிடைக்கவில்லை, வழக்குப் போட்டவர்களின் தலங்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.

அந்த மே மாதம் குவேக்கர்கள் சிலர் நியூயார்க்கின் ஃப்ளஷிங்கிலிருந்து வாஷிங்டனுக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நடந்தார்கள். கையில் 1657-இல் அந்த ஊர் மக்கள் டச்சு ஆளுநருக்கு எழுதிய மனுவின் நகல். குவேக்கர்களுக்கு இடம் தரக் கூடாது என்ற ஆணைக்குப் பணிய மாட்டோம், எங்களிடம் யார் வந்தாலும் வரவேற்போம் என்று சொல்லும் மனு அது. அதில் கையெழுத்திட்டவர்கள் யாரும் குவேக்கர்கள் இல்லை.